தணிக்கையா, மட்டுறுத்தலா? ஒரு நூலகர் குழுவின் ஓராண்டு

நூலகர்களுக்கான எங்கள் இணைய உரையாடல் குழுவில் மட்டுறுத்தல் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. இந்த ஓராண்டில் தனிச்செய்திகளிலும் கருத்தரங்குகளின் தேநீர் இடைவேளைகளிலும் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "தணிக்கையை எதிர்க்க வேண்டிய நூலகர்களே தணிக்கை செய்யலாமா?" கேட்டவர்களுள் நான் பெரிதும் மதிக்கும் பேராசிரியர்களும் உண்டு, உடன் ஆய்வு செய்யும் நண்பர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் துண்டுதுண்டாகச் சொல்லிவந்த விடையை இங்கே ஒருசேர எழுதிவைக்க விரும்புகிறேன். பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

வடஇந்தியாவிலுள்ள ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் அறிவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். குழுவின் ஐந்து மட்டுறுத்துநர்களுள் நானும் ஒருத்தி. கோகா மென்பொருள் பயிலரங்கு ஒன்றில் சந்தித்த நாற்பது பேர், ஊர் திரும்பிய பின்னர் ஒருவருக்கொருவர் ஐயம் தீர்த்துக்கொள்வதற்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழு அது. அந்நாளில் விதி எதுவும் தேவைப்படவில்லை. யார் எந்தக் கல்லூரியில் பணிபுரிகிறார், யாருக்கு எது தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பின்னர் நண்பர்கள் நண்பர்களைச் சேர்த்தனர். வாட்ஸ்அப் குழுவின் உச்சவரம்பான 1,024 பேரை எட்டியதும் டெலிகிராமுக்கு மாறினோம். அங்கே 2,00,000 பேர் வரை சேரலாம். அதாவது, கதவு எவ்வளவு அகலம் என்பதைப் பற்றி யாரும் எண்ண வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

நூலகர்களுக்கு இது புதிய நிலைமை அன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேசிய அறிவியல் தகவல் மையம் 1995-இலேயே இந்திய நூலகர்களுக்கென மின்னஞ்சல் வழி உரையாடல் குழு ஒன்றைத் தொடங்கியது. அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்னர், 1931-இல், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் தம் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஐந்தாம் விதி நூலகத்தை வளரும் உயிராகக் காண்கிறது. தேர்வுக்காக அவ்விதியை மனப்பாடம் செய்த நாம் வளர்ச்சி என்ற சொல்லை மட்டுமே பற்றிக்கொள்கிறோம். உயிர் வளரும்போது அதன் உறுப்புகளும் அவை செயற்படும் முறையும் மாறியாக வேண்டும் என்பதும் அவ்விதிக்குள்ளேயே இருக்கிறது. நாற்பது பேருக்குப் போதுமான பழக்கங்களைக் கொண்டு சில ஆயிரம் பேரை நடத்த முடியாது என்பதை நாங்கள் ஓர் ஆகஸ்டு மாதத்தில் கண்டோம்.

ஆகஸ்டு 12 ரங்கநாதன் பிறந்த நாள். தேசிய நூலகர் நாள். அதற்கு முந்திய நாள் இரவு, ஒரு சிற்றூர்க் கல்லூரியின் நூலகர் குழுவில் எழுதினார். மின்தடைக்குப் பின்னர் அவருடைய நூலகத்துக் கோகா திறக்கவில்லை. தரவுத்தளம் பழுதாகியிருந்தது. நாக் மதிப்பீட்டுக் குழு இரண்டு நாளில் கல்லூரிக்கு வரவிருந்தது. என்ன செய்வது என்று கேட்டிருந்தார். நள்ளிரவு தொடங்கியதும் வாழ்த்துப் படங்கள் வரத் தொடங்கின. ரங்கநாதனின் ஒரே நிழற்படம், வெவ்வேறு பூக்களுக்கும் விளக்குகளுக்கும் நடுவே, நூற்றுக்கும் மேற்பட்ட முறை வந்தது. அவருடைய கேள்வி மேலே, வெகு தொலைவில், கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

மூன்றாம் நாள் ஒருவர் அதனைத் தேடிப் பிடித்து விடையளித்தார். விடை மிக எளியது. டெபியன் அல்லது உபுண்டு தொகுப்பு வழியாக நிறுவப்பட்ட கோகா, நாள்தோறும் தானாகவே காப்புநகல் ஒன்றை எடுத்து அதே கணினியின் ஒரு கோப்புறையில் வைக்கும். அதனை எடுத்து மீட்டாலே போதும். ஆனால், அதற்குள் உள்ளூர்த் தொழில்நுட்பர் ஒருவரின் சொற்படி கணினியை முழுவதும் அழித்து மறுபடியும் நிறுவியிருந்தார்கள். காப்புநகலும் சேர்ந்து அழிந்தது. பல ஆண்டுகள் ஒற்றையாளாக உள்ளிட்ட நூற்பதிவுகள் போயின. அந்த நூலகர் யாரையும் குறைகூறவில்லை. "நன்றி சார், தாமதமாகிவிட்டது" என்று மட்டும் எழுதினார்.

அன்று குழுவில் யாரும் யாருடைய வாயையும் அடைக்கவில்லை. விதி இல்லை, காவலர் இல்லை, முழு உரிமை இருந்தது. ஆயினும் ஒரு குரல் கேட்கப்படாமல் போயிற்று. படிப்பவரின் நேரத்தைக் காப்பாற்றுவது குறித்த நான்காம் விதி, அதனை எழுதியவரின் பிறந்த நாளிலேயே மீறப்பட்டது என்று ஒரு மூத்த நூலகர் வருந்தினார். மட்டுறுத்தல் வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது.

பேச்சு தொடங்கியவுடனேயே எதிர்ப்பும் வந்தது. எதிர்ப்பை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழில் 'தணிக்கை' என்ற சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கணக்கைச் சரிபார்ப்பதும் தணிக்கை; திரைப்படத்தில் வெட்டுவதும் தணிக்கை. முன்னதில் ஆவணங்களைப் பார்ப்பவரும் ஓர் அறிக்கைக்குக் கட்டுப்பட்டவர். பின்னதில் வெட்டியது எது என்று பார்வையாளருக்குத் தெரிவதே இல்லை. 'மட்டுறுத்தல்' என்பது தமிழ் இணையத்தார் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் சொல். மட்டு என்றால் அளவு, எல்லை. அளவை யார் வகுக்கிறார், வகுத்ததை யார் சரிபார்க்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இருந்தால் அது முதல் வகைத் தணிக்கையை ஒத்திருக்கும். விடை இல்லாவிட்டால் இரண்டாம் வகையாக முடியும்.

நூல் தேர்வு குறித்து 1953-இல் லெஸ்டர் ஆஷைம் எழுதிய கட்டுரையை நம் துறை மாணவர்கள் அறிவர். நூலைத் தேர்பவர் அதனை வைத்துக்கொள்வதற்கான காரணத்தைத் தேடுகிறார். தணிக்கையாளர் அதனை விலக்குவதற்கான காரணத்தைத் தேடுகிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். செயல் ஒன்றுபோலத் தோன்றலாம். தேடலின் திசை வேறு. எங்கள் விதிகளை எழுத அமர்ந்தபோது இந்தத் திசையையே முதலில் முடிவு செய்தோம். ஐயத்துக்கு இடமான பதிவு எதுவாயினும், அதனை வைத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்பது.

அடுத்து, எவ்வளவு கண்காணிப்பது? இதற்கு விடை மேலைநாட்டு நூல் எதிலும் கிடைக்கவில்லை. நம் அலுவலகங்களில் தூசி படிந்து கிடக்கும் பொது நிதி விதிகளில் கிடைத்தது. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், விதி எண் 215. நூலகத்தில் 20,000 தொகுதிகள் வரை இருந்தால் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. 50,000 வரை இருந்தால் மூன்றாண்டுக்கு ஒரு முறை. அதற்கும் மேற்பட்டால் மாதிரிச் சரிபார்ப்பே போதும். தொகை பெருகும்போது கண்காணிப்பின் முறையும் மாற வேண்டும் என்பதை அரசின் கணக்கு விதியே ஒப்புக்கொள்கிறது. அதே விதி இன்னொன்றும் சொல்கிறது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட 1,000 தொகுதிகளுக்கு 5 தொகுதிகள் காணாமற்போவது, நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேராதவரை, இயல்பான இழப்பாகக் கொள்ளப்படலாம். ஆனால் அரிய நூல் காணாமற்போனால், விலை எதுவாயினும், கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

அடுக்குகளைப் பூட்டி வைத்தால் ஒரு நூலும் தொலையாது; யாரும் படிக்கவும் மாட்டார். திறந்த அடுக்கு முறையை ஏற்றுக்கொண்ட நாளிலேயே இழப்பில் ஒரு பங்கையும் நம் தொழில் ஏற்றுக்கொண்டது. குழுவுக்கும் இதனையே பொருத்தினோம். ஒவ்வொரு பதிவையும் முன்கூட்டியே படித்து ஒப்புதல் தரும் முறை வேண்டாம் என முடிவு செய்தோம். சில வீண் பதிவுகள் வரும், வரட்டும். அவற்றை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 'அரிய நூல்' போன்றவை சில உண்டு. ஒருவரின் தனி விவரங்களை வெளியிடுவது, சாதியையோ மதத்தையோ பாலினத்தையோ சொல்லி இழிவுபடுத்துவது, பணம் பறிக்கும் ஏமாற்று. இவை ஒன்றே ஒன்று வந்தாலும் அப்போதே நடவடிக்கை எடுப்பது.

முன்னொப்புதல் வேண்டாம் என்றதற்குச் சட்டம் சார்ந்த காரணமும் ஒன்று இருந்தது. உறுப்பினர் ஒருவர் இடும் பதிவுக்காகக் குழுவின் நிர்வாகியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் கூறின. இரண்டும் வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றியவை. பதிவு வெளியாகும் முன்னர் அதனைத் தடுக்கும் ஆற்றல் நிர்வாகியிடம் இல்லை என்பது மும்பைத் தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. அந்த ஆற்றலை நாமே விரும்பி எடுத்துக்கொண்டால் அந்தப் பாதுகாப்பின் அடிப்படை தளரக்கூடும். ஊதியமின்றி இரவில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவருக்கு இது சிறிய செய்தி அன்று.

நீக்கியதை என்ன செய்வது? நூலகத்தில் ஒரு நூலைக் களைந்தால் அதனை நீக்கப் பதிவேட்டில் எண்ணும் காரணமும் குறித்து எழுதுகிறோம். காரணம் எழுதாமல் ஒரு துண்டறிக்கையைக்கூட வெளியே போடமாட்டோம். குழுவிலும் அத்தகைய பதிவேடு ஒன்று உண்டு. உறுப்பினர் எவரும் படிக்கலாம். நாள், பதிவின் தன்மை, எந்த விதியின் கீழ் நீக்கப்பட்டது என்பன மட்டும் இருக்கும். எழுதியவர் பெயர் இராது. எழுதியவருக்குத் தனியே காரணம் தெரிவிக்கப்படும். அவர் மறுத்தால், அந்த முடிவில் பங்கேற்காத இருவர் மறுபடியும் பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மட்டுறுத்துநர் அல்லாத இருவர் பதிவேட்டின் ஒரு பகுதியைப் படித்து, குறிப்பிட்ட மொழியினரோ குறிப்பிட்ட பதவியினரோ மிகுதியாக நீக்கப்படுகிறார்களா என்று சொல்வார்கள். மாதிரிச் சரிபார்ப்பு என்பது இதுதான்.

விதிகள் காகிதத்தில் அழகாகவே இருந்தன. மூன்றாம் மாதத்தில் அவற்றுக்குச் சோதனை வந்தது.

ஒரு தனியார் கல்லூரியில் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் இளம் நூலகர் ஒருவர் இந்தியில் எழுதினார். நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை. நூலகப் பணியோடு தேர்வு மேற்பார்வை, மாணவர் சேர்க்கைக்காக வீடுவீடாகச் செல்லுதல் ஆகியவையும் அவர் தலையில். "மற்ற இடங்களிலும் இப்படித்தானா?" என்று கேட்டிருந்தார். கல்லூரியின் பெயரையும் எழுதியிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள், ஓய்வுபெற்ற பல்கலைக்கழக நூலகர் ஒருவர் மறுமொழி எழுதினார்: இது தொழிலறிவு பகிரும் இடம், சொந்தக் குறைகளுக்கான இடம் அன்று. அதன்கீழ் "மிகச் சரி சார்" என்று வரிசையாகப் பலர். இந்தியில் ஏன் எழுதுகிறார் என்று ஒருவர். பதிவை நீக்குமாறு தனிச்செய்தியில் சிலர்.

அன்றிரவு ஐவரும் தொலைபேசியில் பேசினோம். நீக்க வேண்டும் என்றவர்களின் வாதம் வலுவற்றதன்று. கல்லூரியின் பெயர் இருப்பதால் அவதூறு வழக்கு வரலாம். பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆம் பிரிவு அவருக்கு எதிராகத் திரும்பலாம். யாரேனும் திரைப்படம் எடுத்து முதல்வருக்கு அனுப்பினால் வேலையே போகலாம். நீக்குவது அவருக்கே நல்லது என்றார்கள். என் வாதம் வேறு. பதவி உயர்வு பெற்றவருக்கு வாழ்த்துச் சொல்வது தொழில் சார்ந்ததெனில், சம்பளம் பெறாதவர் கேட்கும் கேள்வி எப்படித் தொழிலுக்குப் புறம்பாகும்? நம் துறையில் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும் நாளில், ஒப்பந்தத்தில் உழைப்பவர்களின் நிலைமைதான் தொழிலின் நிலைமை. அவரது பதிவை அவரது நன்மைக்காகவே நீக்குகிறோம் என்பது, நீக்கும் அதிகாரம் உடைய எல்லாரும் சொல்லும் காரணம்.

முடிவுக்கு வழிகாட்டியது நம் தொழிலின் மிகப் பழைய பழக்கம் ஒன்று. நோக்கீட்டு மேசைக்கு வந்து ஒருவர் ஏதேனும் கேட்டால், உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், "உங்களுக்கு உண்மையில் எது வேண்டும்?" என்று திருப்பிக் கேட்குமாறு நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். எங்களுள் இந்தி நன்கறிந்த ஒருவர் அவரை அழைத்துப் பேசினார். அவர் கல்லூரியோடு பொதுவெளியில் மோத விரும்பவில்லை. பணி அனுபவச் சான்றிதழ் மறுக்கப்படுமோ என்பதே அவருடைய அச்சம். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்க அது வேண்டும். எந்த ஆவணங்களைத் திரட்டிவைக்க வேண்டும், எப்படி எழுத்தில் கேட்க வேண்டும் என்பதே அவருக்கு வேண்டிய தகவல். பெயரை எடுத்துவிடலாம் என்பதை விளக்கியதும் அவரே எடுத்துவிட்டு, கேள்வியை மறுபடியும் எழுதினார், இந்தியிலேயே. கீழே எங்களுள் ஒருவர் அதன் ஆங்கிலச் சுருக்கத்தைச் சேர்த்தார்.

அதன்பின் வந்த மறுமொழிகளை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை ஒரு முறைகூடப் பேசாதவர்கள் பேசினார்கள். வங்காளியில் ஒருவர், மலையாளத்தில் ஒருவர், தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் பலர். நியமன ஆணை, வருகைப் பதிவேட்டின் நகல், வங்கிக் கணக்கு வரவு ஆகியவற்றை முதலில் திரட்டுமாறு அனுபவப்பட்ட ஒருவர் வரிசைப்படுத்திச் சொன்னார். விண்ணப்பத்தின் மாதிரி ஒன்றை இன்னொருவர் எழுதித் தந்தார். அந்த இளம் நூலகருக்கு இரண்டு மாதச் சம்பளம் வந்தது. மீதி வரவில்லை என்று கேள்வி. ஓய்வுபெற்ற அந்த மூத்தவர் குழுவிலிருந்து விலகினார். பகுப்புமுறை குறித்து அவரளவுக்கு அறிந்தவர் குழுவில் இல்லை. அவர் விலகியது எங்களுக்கு இழப்புதான்; அதனை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

மட்டுறுத்தல் இல்லாத குழு கட்டுப்பாடற்றது என்ற எண்ணம் அந்த வாரத்தோடு என்னை விட்டுப் போயிற்று. "மிகச் சரி சார்" என்று அடுக்கடுக்காக விழும் மறுமொழிகளும் ஒரு மட்டுறுத்தல்தான். அதற்கு எழுதப்பட்ட விதி இல்லை, பதிவேடு இல்லை, மேல்முறையீடு இல்லை. பல்கலைக்கழக நூலகர், துணை நூலகர், உதவி நூலகர், பயிற்சியாளர், ஒப்பந்தப் பணியாளர், பள்ளி நூலகர் என்ற படிநிலை, அலுவலகத்தில் எப்படியோ அப்படியே திரையிலும் வந்து அமர்ந்துகொள்கிறது. எழுதப்பட்ட விதி அதனை ஒழித்துவிடாது. குறைந்தது, கேள்வி கேட்க ஓர் இடத்தைக் கீழ்ப்படியில் இருப்பவருக்குத் தருகிறது.

வேறு சில மாற்றங்களையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். வாழ்த்துகளுக்குத் தனித் தலைப்பு ஒதுக்கினோம். அங்கே எவ்வளவு பூக்கள் வேண்டுமானாலும் அனுப்பலாம். விடை கிடைக்காத கேள்விகளை ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு மட்டுறுத்துநர் திரட்டி மறுபடியும் முன்வைப்பார். எங்கள் பணியில் மிகுந்த பயன் தருவது இதுதான், நீக்குவது அன்று. ஆய்விதழ் விளம்பரங்கள் இன்னொரு சிக்கல். பல்கலைக்கழக மானியக் குழு 2019 முதல் பேணிவந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. அதன்பின், பணம் பெற்றுக்கொண்டு சில நாளில் கட்டுரை வெளியிடுவதாகக் கூறும் இதழ்களின் அழைப்புகள் குழுவில் பெருகின. அவற்றை ஓசையின்றி நீக்குவதை விட, இதழின் ஆசிரியர் குழு, மதிப்பாய்வு முறை, கட்டணம் ஆகிய மூன்றையும் பதிந்தவரே தெரிவிக்க வேண்டும் என்று விதித்தோம். பெரும்பாலானோர் தெரிவிப்பதில்லை, பதிவு விதிப்படி நீங்கிவிடுகிறது. தெரிவிக்கும் சிலரின் விடைகள் புதிய ஆய்வு மாணவர்களுக்குப் பாடமாகின்றன.

கட்டுரைகளின் பி.டி.எஃப். கேட்டு வரும் பதிவுகள் இன்றும் முடிவாகாத வழக்கு. 2025 முதல் நடைமுறையில் உள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்கள் பலவற்றுக்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிட்டன. தனியார் கல்லூரியில் இருப்பவர் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார். அவர் கேட்கும்போது விதியைச் சுட்டி மறுப்பது எளிது. கட்டுரையாசிரியருக்கே எழுதிக் கேட்கவும், கட்டற்ற அணுக்கத்தில் உள்ள படியைத் தேடவும் உதவுகிறோம். கோப்புகளைக் குழுவில் பகிர்வதை மட்டும் அனுமதிப்பதில்லை. இது நிறைவான விடை என்று நான் கருதவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. மட்டுறுத்துநர் பணிக்கு ஊதியம் இல்லை, பணிப் பதிவேட்டில் இடமும் இல்லை. மூத்தவர்களுக்கு நேரம் இல்லாததால் இது ஆய்வு மாணவர்கள் மேலும், அவர்களுள்ளும் பெண்கள் மேலும் வந்து விழுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இருவர் விலகி, புதிய இருவர் வரவேண்டும் என்ற விதியை அதனாலும் வைத்தோம். அதிகாரம் ஒருவரிடம் தங்கிவிடக் கூடாது என்பது முதற்காரணம். உழைப்பும் ஒருவர் மேலேயே தங்கிவிடக் கூடாது என்பது இரண்டாவது. அடுத்த மாதம் என் முறை முடிகிறது.

ஆகவே, நூலகர்கள் தணிக்கை செய்யலாமா என்று கேட்ட நண்பர்களுக்கு என் விடை: செய்யலாகாது. அதனைத் தவிர்க்க வேண்டுமெனில், யார் பேச்சு எதனால் கேட்கப்படாமல் போகிறது என்பதை யாரேனும் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; பார்ப்பவரையும் மற்றவர்கள் பார்க்க முடிய வேண்டும். எங்கள் விதிகளின் வரைவைக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். இத்தகைய குழுக்களை நடத்துபவர்கள் உங்கள் விதிகளையும், அவை எந்த இடத்தில் பயன்படவில்லை என்பதையும் எழுதுங்கள். அடுத்து வரும் இரு மட்டுறுத்துநர்களிடம் அவற்றையும் சேர்த்து ஒப்படைப்பேன்.